கம்பியின் மறுமுனை



ஜொகூர் மாநிலத்தில், ஸ்கூடாயிலிருந்து பொந்தியானுக்குச் செல்லும் சாலையில் பெக்கான் நானாஸ் என்று ஓர் ஊர் உண்டு. மலாய் மொழியில் ‘பெக்கான்’ என்றால் சிறு நகரம். ‘நானாஸ்’ என்றால் அன்னாசி. ஊரின் தொழில் ஊரின் பெயரிலேயே இருக்கிறது. அன்னாசிக்கென்றே ஓர் அரும்பொருளகமும் அங்கே அமைந்திருக்கிறது. அந்த வட்டாரத்து அன்னாசித் தோட்டங்களில் பல, செடிகொடிகள் காலங்காலமாக மட்கிச் சேர்ந்த கறுத்த சதுப்பு மண்ணில் உள்ளவை. புளிப்பேறிய அந்த மண் அன்னாசிக்கு ஒத்துக்கொள்ளும். கம்பத்துக்கும் கம்பிக்கும் ஒத்துக்கொள்ளாது. நட்ட கம்பம் நாளடைவில் சாயும். புதைத்த செப்புக் கம்பியின் இணைப்புகளில் ஈரம் ஏறும். போதாததற்கு, உலகில் இடி மின்னல் மிகுந்த நாடுகளுள் மலேசியாவும் ஒன்று.

இப்படிப்பட்ட ஓர் ஊருக்குக் கம்பி வழியாகக் கணினிச் செய்தி பிழையின்றி வந்து சேர வேண்டும். வராவிட்டால், பழுது எங்கே என்று உடனே தெரிய வேண்டும். அந்த இரண்டு வேலைகளையும் செய்ய ஒரு சிறு பெட்டி இருந்தது. டிஜிட்டல் குத்தகைக் கம்பி ஓர் அலுவலகத்துக்குள் நுழையும் இடத்தில், சுவரிலோ அலமாரியிலோ அது இருக்கும். அமெரிக்காவில் அதற்கு நெட்வொர்க் இன்டர்ஃபேஸ் யூனிட் என்று பெயர். ஐரோப்பாவின் வழியைப் பின்பற்றிய நாடுகளில் நெட்வொர்க் டெர்மினேட்டிங் யூனிட், சுருக்கமாக என்.டி.யு. என்றார்கள். நாம் இந்தப் பேச்சில் அதை முனைப்பெட்டி என்றே சொல்லிக்கொள்வோம். அதன் வரலாற்றைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

முதலில் குத்தகைக் கம்பி என்றால் என்னவென்று தெரிந்துகொள்ள வேண்டும். சாதாரணத் தொலைபேசி டாக்சியைப் போன்றது. வேண்டும்போது கூப்பிடுகிறோம், வேலை முடிந்ததும் அனுப்பிவிடுகிறோம். குத்தகைக் கம்பி, மாத வாடகைக்கு அமர்த்தி வாசலிலேயே நிறுத்தி வைத்துக்கொண்ட கார். எண்ணைச் சுழற்ற வேண்டியதில்லை. இரவும் பகலும் இரண்டு இடங்களுக்கிடையே அது திறந்தே இருக்கும். பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் வாடகை உண்டு. வங்கிகளுக்கும் விமான நிறுவனங்களுக்கும் இது இன்றியமையாததாக இருந்தது. மலேசியாவின் முதல் தானியங்கிப் பண இயந்திரத்தை 1981-இல் மேபேங்க் நிறுவியது. அத்தகைய இயந்திரம் ஒருவருக்குப் பணம் கொடுப்பதற்கு முன், தொலைவில் உள்ள கணினியைக் கேட்டுக்கொள்ள வேண்டும். சிற்றூர் ஒன்றில் சம்பள நாள் மாலையில் கம்பி அறுந்தால் என்ன ஆகும்? வரிசையில் நிற்பவருக்குக் கம்பியைப் பற்றித் தெரியாது. தம் பணம் தமக்குக் கிடைக்கவில்லை என்பது மட்டும் தெரியும். ஆகவே பழுதைக் கண்டுபிடிக்கும் வேகம் என்பது வெறும் தொழில்நுட்பக் கணக்கன்று.

ஆனால் பழுதைத் தேடும் கலை கணினியோடு பிறந்ததில்லை. அதன் வேர் தந்திக் காலத்தில் இருக்கிறது.

1859-இல் சிங்கப்பூரையும் பத்தாவியாவையும், அதாவது இன்றைய ஜக்கார்த்தாவையும், கடலடிக் கம்பி ஒன்றால் இணைத்தார்கள். சில காலமே வேலை செய்தது. நங்கூரம் மாட்டியும் பாறையில் தேய்ந்தும் திரும்பத் திரும்ப அறுந்து, கடைசியில் கைவிடப்பட்டது. பிறகு 1870-ஆம் ஆண்டின் இறுதியில் சென்னையிலிருந்து பினாங்குக்கும், அங்கிருந்து சிங்கப்பூருக்கும் கடலடிக் கம்பி போட்டார்கள். 1871-இன் தொடக்கத்தில் அது வேலைக்கு வந்தது. தமிழர்கள் கப்பலேறி வந்த அதே வங்கக் கடலின் அடியில், அவர்களைவிடப் பல மடங்கு வேகமாகச் செய்தி வரத் தொடங்கியது. 1876-இல் பேராக்கில் கோலகங்சாரையும் தைப்பிங்கையும் இணைத்துத் தரைவழித் தந்திக் கம்பி வந்தது. காட்டை வெட்டி, கம்பம் நட்டு, கம்பி இழுத்த கூட்டத்தில் நம்மவர் பங்கும் உண்டு. அஞ்சல், தந்தித் துறைகளில் தென்னிந்தியத் தமிழரும் யாழ்ப்பாணத் தமிழரும் பிற்காலத்தில் நிறைந்திருந்ததை மூத்த நேயர்கள் அறிவார்கள்.

நாற்பது மைல் நீளமுள்ள கம்பியில் எங்கோ ஓரிடத்தில் கிளை விழுந்து, மின்னோட்டம் மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த மைலில் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நாற்பது மைலும் நடந்து பார்க்கலாம். அதைவிட எளிய வழி ஒன்று இருந்தது. பழுதான கம்பிக்குப் பக்கத்திலேயே நல்ல கம்பி ஒன்று ஓடுகிறதல்லவா? மறுமுனையில் அந்த இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கிக் கட்டிவிட வேண்டும். இப்போது இந்த முனையிலிருந்து போய்த் திரும்பும் ஒரு வளையம் கிடைக்கிறது. வீட்ஸ்டோன் பாலம் என்ற கருவியை இந்த முனையில் வைத்து, பழுதின் இருபுறமும் உள்ள கம்பித் தடைகளின் விகிதத்தை அளந்தால், ‘பழுது பதினோராவது மைலில்’ என்று இருந்த இடத்திலிருந்தே சொல்லிவிடலாம். இதற்கு மர்ரே வளையச் சோதனை என்று பெயர்.

இதில் ஒரு சிறு விஷயத்தைக் கவனியுங்கள். அளப்பவர் இந்த முனையில் இருக்கிறார். கம்பிகளை முறுக்கிக் கட்ட மறுமுனையில் ஓர் ஆள் வேண்டும். அவர் சைக்கிளிலோ, ரயில் பாதையில் தள்ளுவண்டியிலோ, மழையில் நடந்தோ அங்கே போய்ச் சேர வேண்டும். நூறாண்டுக்கு மேலாகக் கம்பித் தொழில் அந்த ஆளை நம்பியே நடந்தது. நம்முடைய முனைப்பெட்டியின் கதை, சுருங்கச் சொன்னால், அந்த ஆளுக்குப் பதிலாக ஒரு சிறு ரிலேயை வைத்த கதைதான்.

இனி டிஜிட்டலுக்கு வருவோம். நம் குரல் ஓர் அலை. அலையை அலையாகவே கம்பியில் அனுப்பினால், போகப் போகத் தேயும், இரைச்சல் சேரும். பெருக்கியை வைத்தால் இரைச்சலும் சேர்ந்து பெருகும். 1937-இல் பாரிஸில் பணியாற்றிய அலெக் ரீவ்ஸ் என்ற ஆங்கிலப் பொறியாளருக்கு வேறொரு யோசனை தோன்றியது. அலையின் உயரத்தை மிகக் குறுகிய இடைவெளிகளில் அளந்து, அந்த அளவுகளை எண்களாக்கி, எண்களை மட்டும் அனுப்பினால் என்ன? மறுமுனைக்கு வேண்டியது ‘துடிப்பு இருக்கிறதா, இல்லையா’ என்ற விடை ஒன்றே. பாதி தேய்ந்த துடிப்பாக இருந்தாலும் அடையாளம் தெரிந்தால் போதும். புதிதாக ஒன்றை வார்த்து மேலே அனுப்பிவிடலாம். அப்போது இரைச்சல் சேர்ந்துகொண்டே போகாது. 1938-இல் இதற்குக் காப்புரிமை கேட்டார். யோசனை சரி, ஆனால் வால்வுகளை வைத்துக்கொண்டு இதை மலிவாகச் செய்ய வழியில்லை. டிரான்சிஸ்டர் வரும்வரை அது காகிதத்திலேயே காத்திருந்தது.

1962-இல் அமெரிக்காவின் பெல் நிறுவனம் சிகாகோ பகுதியில் டி-1 என்ற அமைப்பை வேலைக்குக் கொண்டுவந்தது. விநாடிக்கு 8,000 அளவுகள். ஓர் அளவுக்கு 8 பிட். ஆக ஒரு குரலுக்கு விநாடிக்கு 64,000 பிட். இப்படி 24 குரல்களை ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு ஜோடிச் செப்புக் கம்பிகளில் அனுப்பினார்கள். ஐரோப்பியர் பின்னர் 32 அறைகள் கொண்ட வேறோர் அமைப்பை வகுத்தார்கள். அதன் வேகம் விநாடிக்கு 20 லட்சத்து 48 ஆயிரம் பிட். இ-1 எனப்படும் அதையே மலேசியாவும் இந்தியாவும் எடுத்துக்கொண்டன.

டி-1 பற்றி எனக்குப் பிடித்த செய்தி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். துடிப்புகளைப் புதுப்பிக்கும் ரிப்பீட்டர்களை 6,000 அடிக்கு ஒன்றாக வைத்தார்கள். ஏன் 6,000 அடி? பழைய தொலைபேசிக் கம்பிகளில் குரல் தெளிவாகப் போவதற்காக லோடிங் காயில் என்னும் சுருள்களை ஏற்கெனவே 6,000 அடிக்கு ஒன்றாகப் பொருத்தியிருந்தார்கள். அதற்கான குழிகள் சாலையோரத்தில் தயாராக இருந்தன. சுருளை எடுத்துவிட்டு அதே குழியில் ரிப்பீட்டரை இறக்கினார்கள். புதிய தொழில்நுட்பம் பழையதன் குழியில் குடியேறியது என்று சொல்லலாம். ஆனால் அந்தச் சுருளை எடுக்க மறந்தால்? குரலுக்கு உதவும் சுருள் டிஜிட்டல் துடிப்பைக் கொன்றுவிடும். ஊருக்கு வெளியே நீண்டு ஓடும் கம்பிகளில்தான் சுருள்கள் இருக்கும். ஆகவே கடைசி ஊர்களுக்கு டிஜிட்டல் இணைப்பு கொடுக்கும்போது பொறியாளர் கேட்கும் முதற்கேள்விகளில் ஒன்று, ‘வழியில் சுருள் இருக்கிறதா?’ என்பது.

தொடக்கத்தில் டி-1 தொலைபேசி நிலையங்களுக்கிடையே மட்டும் ஓடியது. வாடிக்கையாளரின் வாசல்வரை எண்முறையிலேயே செல்லும் சேவையை ஏ.டி.அண்ட்.டி. நிறுவனம் 1974-இல் தொடங்கியது. விநாடிக்கு 2,400 முதல் 56,000 பிட் வரை பல வேகங்கள். இங்கேதான் முனைப்பெட்டியின் தெளிவான உருவத்தை முதலில் காண்கிறோம். அந்தச் சேவையின் கம்பியில் ஒரு மெல்லிய நேர்மின்னோட்டம் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். அதற்கு ஒரு வேலை உண்டு: கம்பி இணைப்புகளில் படியும் துரு போன்ற படலத்தை உடைத்து, தொடுகையை உயிரோடு வைத்திருப்பது. ஈர மண்ணுக்கு ஏற்ற மருந்து! இரண்டாவதாக இன்னொரு வேலையையும் அதற்குக் கொடுத்தார்கள். நிலையத்தில் இருப்பவர் அந்த மின்னோட்டத்தின் திசையைத் திருப்பிவிட்டால், முனைப்பெட்டிக்குள் இருக்கும் ரிலே ‘டக்’கென்று விழுந்து, வரும் கம்பியையும் போகும் கம்பியையும் இணைத்துவிடும். நிலையத்திலிருந்து அனுப்பிய துடிப்பு அங்கே போய், திரும்பி வரும். திரும்பி வந்தால் கம்பி நலம். வராவிட்டால் பழுது கம்பியில். மறுமுனைக்கு மழையில் நடந்து போன அந்த மனிதரின் வேலை முடிந்தது. இதற்கு லூப்பேக் என்று பெயர்.

அடுத்து வந்தது சட்டத் திருப்பம். முனைப்பெட்டி யாருடையது? அமெரிக்காவில் 1983-இல் ஒழுங்குமுறை ஆணையம், அது வாடிக்கையாளர் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டிய கருவி என்று முடிவு செய்தது. தொலைபேசி நிறுவனங்களுக்குச் சங்கடம். பெட்டி வாடிக்கையாளருடையதானால், அதற்குள்ளிருக்கும் லூப்பேக் தங்கள் கையில் உறுதியாக இருக்காது. வாடிக்கையாளர் பெட்டியைக் கழற்றி வைத்திருந்தால், கம்பி நன்றாக இருந்தும் சோதனை தோற்கும். ஓர் ஆளை வண்டியேற்றி அனுப்ப வேண்டும். ஆகவே எல்லைக்கு இந்தப் பக்கம், தங்கள் பக்கத்தில், இன்னொரு சிறு பெட்டியை மாட்டினார்கள். கம்பி வழியாகவே ஒரு குறிப்பிட்ட பிட் வரிசையை அனுப்பினால் அது தன்னை வளையமாக்கிக்கொள்ளும். நெட்வொர்க் இன்டர்ஃபேஸ் யூனிட் என்ற பெயர் இதற்கே பொருந்தியது. உண்மையில் அது நிலத்தில் நட்ட எல்லைக்கல். இந்தப் பக்கம் பழுதென்றால் நிறுவனத்தின் பொறுப்பு. அந்தப் பக்கம் பழுதென்றால் வாடிக்கையாளரின் பொறுப்பு.

மலேசியாவின் பாதை வேறு. 1946-இல் அமைந்த தொலைத்தொடர்புத் துறையே கம்பியையும் கருவிகளையும் தன் கையில் வைத்திருந்தது. 1962-இல் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் இடையே மைக்ரோவேவ் வழியாக நேரடித் தொலைதூர அழைப்பு வந்தது. 1970-இல் குவாந்தானில் விண்கோள் நிலையம் எழுந்தது. 1984-இல் மேபேக் என்ற பொதுத் தரவுச் சேவை தொடங்கியது. 1987 ஜனவரி முதல் நாள் அந்தத் துறை நிறுவனமாக மாறியது. இன்றைய டெலிகோம் மலேசியாவின் தொடக்கம் அதுவே. மிமோஸ் ஆய்வு நிலையம் வளர்த்த ஜாரிங் வலையமைப்பு, 1992-இல் விநாடிக்கு 64,000 பிட் வேகக் குத்தகை இணைப்பின் வழியாக அமெரிக்காவோடு சேர்ந்தது. ஒரே ஒரு குரலுக்கு ஒதுக்கிய அதே 64,000! ஒரு நாட்டின் இணையம் முழுவதும், இரண்டு பேர் தொலைபேசியில் பேசும் இடத்துக்குள் அடங்கியிருந்தது.

இப்போது மீண்டும் பெக்கான் நானாஸுக்கு வருவோம். அங்கே ஓர் அலுவலகம், அதன் தலைமையகம் ஜொகூர் பாருவில், ஆண்டு 1995 என்று வைத்துக்கொள்வோம். இது கற்பனை அலுவலகம்தான். ஆனால் அதற்கு வரக்கூடிய தொல்லைகள் கற்பனையல்ல.

பெட்டியை நிறுவும்போது இரண்டு ஜோடிக் கம்பிகள் வந்திருக்கும். ஒன்று அனுப்ப, ஒன்று பெற. இரண்டையும் மாற்றிக் கட்டிவிடுவது மிகச் சாதாரணமான தவறு. அதைவிட நுட்பமான தவறு, கடிகாரத்தைப் பற்றியது. டிஜிட்டல் கம்பியில் பிட்டுகள் தாளம் தவறாமல் ஓட வேண்டும். பாட்டுக் கச்சேரியில் ஒருவர் தாளம் போட, மற்றவர்கள் அதைப் பின்பற்றுவது போல, வலையமைப்பின் தாளத்தையே முனைப்பெட்டி பின்பற்ற வேண்டும். நிறுவுபவர் சிறு சுவிட்சைத் தவறாகத் தள்ளி, பெட்டி தன் சொந்தக் கடிகாரத்தில் ஓடுமாறு விட்டால், முதலில் எல்லாம் சரியாகத் தெரியும். இரண்டு கடிகாரங்களுக்கும் பத்து லட்சத்தில் ஒரு பங்கே வித்தியாசம் என்றாலும், இ-1 கம்பியில் விநாடிக்கு இரண்டு பிட் வீதம் பிந்தும். ஒரு சட்டகத்துக்கு 256 பிட். ஆக ஏறத்தாழ இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு முழுச் சட்டகம் தொலையும். கம்பியையும் மண்ணையும் மழையையும் குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள். இடி மின்னல் இப்படிக் கணக்காக இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை வராது என்பதை ஒருவர் யோசித்துப் பார்க்கும்வரை பழுது அகப்படாது.

கம்பி முழுவதுமாக நின்றுவிட்டால் தேடும் வரிசை தந்திக் காலத்ததுதான். அருகிலிருந்து தொலைவுக்குப் போக வேண்டும். முதலில் நம் பக்கத்துப் பெட்டியையே வளையமாக்கு. நம் கணினி அனுப்பியது நமக்கே திரும்பினால், கணினியும் இடையிலுள்ள வடமும் நலம். அடுத்து, பெக்கான் நானாஸில் உள்ள பெட்டியை ஜொகூர் பாருவிலிருந்தே வளையமாக்கு. 511 பிட்டுகள் கொண்ட சோதனை வரிசையைத் திரும்பத் திரும்ப அனுப்பு. போனதும் வந்ததும் எத்தனை இடத்தில் மாறுகின்றன என்று எண்ணு. இந்த வளையங்களை வெவ்வேறு நாட்டுக் கருவிகளும் ஒரே விதமாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக, வி.54 என்ற பெயரில் அனைத்துலக விதியே எழுதியிருந்தார்கள். வரிசை சுத்தமாகத் திரும்பினால், கம்பி, ரிப்பீட்டர், இணைப்பு எல்லாம் சரி, கோளாறு அலுவலகத்துக்குள். அங்கே யாரோ தரை துடைக்கும்போது மின்செருகியைப் பிடுங்கியிருக்கலாம். இப்படிப்பட்ட பழுதுக்காக முப்பது, நாற்பது கிலோமீட்டர் வண்டி ஓட்டிப் போனவர்களின் கோபம் நியாயமானது.

வளையம் திரும்பவே இல்லை என்றால், அடுத்தபடியாக விளக்குகளைப் பார்க்க வேண்டும். துடிப்பே வரவில்லை என்று ஒரு விளக்கு சொல்லும். வேறொரு நிலையும் உண்டு: துடிப்பு வருகிறது, ஆனால் இடைவிடாமல் வெறும் ஒன்று, ஒன்று, ஒன்று என்றே வருகிறது. வழியில் உள்ள கருவி ஒன்று, ‘நான் உயிரோடு இருக்கிறேன், எனக்கு அப்பால் இருப்பவரிடமிருந்துதான் எதுவும் வரவில்லை’ என்று சொல்லும் முறை அது. இதைப் படிக்கத் தெரிந்தவர் பக்கத்துக் கம்பியை நோண்டிக்கொண்டிருக்க மாட்டார்.

இவ்வளவு நல்ல கருவியிலும் ஒரு பொல்லாத தவறு உண்டு. இதில் சிக்காத தொழில்நுட்பர் அரிது. சோதனை முடிந்ததும் வளையத்தை அவிழ்க்க மறந்துவிடுவது! பெட்டி வளையத்திலேயே நிற்கும். விளக்கெல்லாம் பச்சை. பிழை ஒன்றுகூட இல்லை. செய்தி மட்டும் போகாது. அனுப்பியவருக்கே திரும்பி வந்துகொண்டிருக்கும். மர்ரே சோதனைக் காலத்தில் கம்பிகளை முறுக்கிக் கட்டிய ஆள், அவிழ்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். ரிலேக்கு அந்த ஞாபகம் கிடையாது. பிற்காலப் பெட்டிகளில், குறிப்பிட்ட நேரம் கழிந்தால் வளையம் தானாகவே அவிழுமாறு செய்தார்கள்.

செப்புக் குத்தகைக் கம்பிகளின் காலம் கண்ணாடி இழை வந்ததும் ஒடுங்கத் தொடங்கியது. மலேசியாவில் 2010 மார்ச்சில் அதிவேக இணையத் திட்டத்தின் கீழ் இழைச் சேவை பொதுமக்களுக்கு வந்தது. கண்ணாடிக்குத் துரு பிடிக்காது. இடியின் மின்னோட்டத்தையும் அது கடத்தாது. சதுப்பு மண்ணில் சாயும் கம்பம் மட்டும் இன்றும் சாயும்.

இழை வீட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒரு சிறு வெள்ளைப் பெட்டி இருப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். இழையில் ஒளி வராதபோது அதில் சிவப்பு விளக்கு எரியும். அது நம் பழைய முனைப்பெட்டியின் பேரப்பிள்ளை. தாத்தாவிடம் இல்லாத ஒரு பழக்கம் அதற்கு உண்டு. வீட்டில் மின்சாரம் போய்விட்டால், உள்ளே ஒரு நொடிப்பொழுதுக்கு மிஞ்சியிருக்கும் மின்சக்தியைக் கொண்டு, ‘என் மின்சாரம் போய்விட்டது’ என்று நிலையத்துக்கு ஒரே ஒரு செய்தி அனுப்பிவிட்டு அணைந்துபோகும். பொறியாளர்கள் அதைக் கடைசி மூச்சு என்கிறார்கள். அந்தச் செய்தி வந்து சேர்ந்தால், இழை அறுந்ததா, விளக்கு அணைந்ததா என்று பார்ப்பதற்காக யாரும் பெக்கான் நானாஸுக்கு வண்டி ஏற வேண்டியதில்லை.